ராசி பார்த்த தோடு

போன மாதம் தம்பி மகளுக்கு நிச்சய மோதிரம் எடுக்க ஈப்போவுக்குப் போயிருந்தோம். கடையில் நின்ற சின்னப் பெண் ஒரு தட்டு நிறைய மோதிரங்களைக் கொண்டுவந்து வைத்து, இதெல்லாம் மொய்சனைட், வைரம் இல்லை, ஆனால் வைரத்தைவிட அதிகமாக மின்னும் என்றாள். வைரம் இல்லை என்பதை அவள் பெருமையாகச் சொன்னதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. இயந்திரத்தில் செய்கிற கல்லாம். தம்பி மகளும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் விரலை நீட்டிப் போட்டுப் பார்த்தாள். அவள் தோழிகள் எல்லோரும் இப்போது இதைத்தான் போடுகிறார்களாம், கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்களாம். கூட வந்த கிழவியையும் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கடைப்பெண் என் பக்கம் திரும்பி, "இதுக்கு ராசியெல்லாம் பாக்க வேணாம் ஆன்ட்டி. வைரத்துக்குத்தான் அதெல்லாம்" என்றாள்.

நான் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்கு முட்டி வலி என்று உள்ளே பேசிக்கொண்டார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராசி பார்ப்பது என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். அதனால் வைர நகையை உடனே போட்டுக்கொள்ள மாட்டார்கள். மஞ்சள் துணியில் முடிந்து, போடப்போகிற பெண்ணின் தலையணைக்கு அடியில் மூன்று இரவு வைப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனாலோ கல் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். வைரம் வாங்குகிற வீடுகளில் உள்ள பழக்கம் இது. எங்கள் வீட்டுக்கு இது எப்படி வந்தது என்றால், என் அம்மாவின் வீம்பினால் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் இருந்தோம். அப்பாவுக்குச் செடி வெட்டும் கவாத்து வேலை, அம்மாவும் நானும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். திரிங்காப்பில் சொந்தமாக முட்டைக்கோஸ் தோட்டமும் லோரியும் வைத்திருந்த ஒரு குடும்பம் எங்களைத் தேடிவந்து பெண் கேட்டது. பையன் என்னைக் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தான். நானும் அவனைப் பார்த்திருந்தேன். பிடித்தும் இருந்தது, இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. லயத்துப் பெண்ணுக்குத் தோட்டக்காரர் வீட்டுச் சம்பந்தம் என்றால் சும்மாவா? அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பையனின் தாயைத் திரிங்காப்பம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் காதில் ஏழு கல் வைரத்தோடு இருந்தது. கேமரன் மலையில் தமிழர் வீட்டுக் கல்யாணம் எங்கே நடந்தாலும் அந்தத் தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். வருகிற மருமகளுக்கு அதை நிச்சயத்தன்று தன் கையால் போட்டுவிடுவதாக அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நாள் குறிக்க வந்தபோது அம்மா, போடுவதற்கு முன்பு எங்கள் பெண்ணுக்கு ராசி பார்க்க வேண்டும், தோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். வைரத்தையே கையில் தொட்டிராத எங்கள் அம்மாவுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். எங்களுக்கும் முறை தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யாரோ சொல்லக் கேட்டு வைத்திருந்ததைச் சமயம் பார்த்து எடுத்து விட்டார்.

திரிங்காப்பம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எத்தனையோ வருடமாக என் காதில் கிடக்கிற கல்தானே, இதற்கு என்ன ராசி என்றார். அம்மா விடவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் முறை என்றால் முறைதான் என்று சேர்ந்துகொண்டார்கள். அதற்கு மேல் மறுத்தால் நன்றாக இருக்காது என்று அவர் தோட்டைக் கழற்றினார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். எந்தப் பத்தரிடமும் காட்டக் கூடாது, அந்நியர் கை பட்டால் ராசி மாறிவிடும் என்றார். எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார் பார் என்று எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோடு என் தலையணைக்கு அடியில் போனது. லயத்தில் வைரம் வந்து தங்குவது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு விடவில்லை, எங்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தார்கள். கோழி முட்டை போட்டால் கல் நல்ல கல். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கல். காலையில் கண் விழித்தவுடன் என்ன கனவு கண்டேன் என்று அம்மா கேட்பார். எனக்கு முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் வரிசையாகப் போவதுபோல ஒரு கனவு வந்தது. பச்சை கண்டால் நல்லது என்று அம்மா பலன் சொன்னார். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு லோரி கனவு வருவதற்குக் கல் எதற்கு, லோரிக்காரன் போதாதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை காலை அப்பா விழுந்தார். கவாத்து நடந்த மலைச்சரிவுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கான் உண்டு. மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட பள்ளம் அது, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அதைத் தாண்ட ஒரு பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகை மக்கிப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மழைக்காலத்திலேயே அப்பா, வேலையை மேற்பார்க்கும் கிராணியிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு அது அப்பாவின் காலடியில் உடைந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து லோரியில் போட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். லயத்தில் அதற்குள் வேறு பேச்சு ஆரம்பித்திருந்தது. மூன்று இரவு முடிந்துவிட்டதா இல்லையா? விடிந்துவிட்டதால் கணக்கு முடிந்தது, இது கல்லைச் சேராது என்று ஒரு கட்சி. தோடு இன்னும் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கப்படவில்லை, அதனால் கணக்கு முடியவில்லை என்று இன்னொரு கட்சி. பலகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தோட்டத்தில் மறுநாளே அங்கே புதுப் பலகை போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அப்பாவைப் பார்க்க வந்த கிராணிகூட, அந்த வைரத்தோடு விஷயம் என்ன என்றுதான் விசாரித்தார். பழியை வாங்கிக்கொள்ள ஒரு கல் கிடைத்துவிட்டது, அவருக்கு என்ன கவலை?

திரிங்காப்பம்மா செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பின்னால் மகன். அப்பாவின் காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் திரிங்காப்பம்மா. எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். தோட்டை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றார். அம்மா அதை இடுப்பில் முடிந்துதான் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்துக்கொண்டே, நல்லவேளை ராசி பார்த்தோம், கல்லில் தோஷம் இருக்கிறது, நிச்சயத்துக்கு வேறு ஏதாவது நகை போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"கல்லுல ஒண்ணும் இல்லிங்க" என்றார் திரிங்காப்பம்மா. "எங்க வீட்டுல இருந்த வரைக்கும் ஒரு தலவலிகூட வந்ததில்ல. உங்க பொண்ணு தல வச்சு படுத்தப்புறம்தான் இப்படி ஆயிருக்கு. கல்லு காட்டிக் குடுத்திருச்சு. இதுக்கு மேல நாங்க எப்படி பொண்ணு எடுக்கறது, சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பெண் பிறந்தபோதுதான் வீட்டுக்கு நல்ல காலம் வந்தது என்றார். கல்தான், கல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்தான் என்றார் அவர். வார்டில் இருந்த சீனக் கிழவர்களும் மலாய்க்காரத் தாதியும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை, ஆஸ்பத்திரி என்பதால் மெதுவாகவே சண்டை போட்டார்கள். நடுவில் கிடந்த அப்பா, "பலகை மக்கிப்போச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாசலைப் பார்த்தேன். அவன் லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவன் சொன்னான். கோலா தெர்லாவில் சரக்கு ஏற்ற நேரமாகிறது, போகலாம் என்று தாயிடம் சொன்னான். அவ்வளவுதான் அவன் எனக்காகப் பேசியது. வாழைப்பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து ராசி இல்லாதவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் லயத்தில் எத்தனையோ பேருக்குக் கை கால் முறிந்திருக்கிறது, அதெல்லாம் யாருடைய ராசியும் இல்லை. அப்பாவின் கால் மட்டும் என் ராசி. யாராவது பெண் கேட்டு வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே திரிங்காப்பில் விசாரித்துவிடுவார்கள். அங்கே ஒரு கதை சொல்வார்கள், இங்கே அம்மா ஒரு கதை சொல்வார். அம்மாவின் கதையில் அந்த வைரத்துக்கு வருடத்துக்கு ஒரு குறை கூடியது. முதலில் தோஷம் என்று மட்டும் சொன்னார். பிறகு நடுக்கல்லில் ஒரு கரும்புள்ளி வந்தது. பிறகு அதற்குச் சிவப்பு வால் முளைத்தது. ராத்திரியில் அந்தப் புள்ளி பெரிதாவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். அம்மா பொய் சொல்கிறார் என்று தெரியும். ஆனால் மகள் மேல் பழி வராமல் இருக்க வேறு என்ன செய்வார்? உலகத்தில் எனக்காகப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். அவருக்குப் பேச ஒரு கெட்ட வைரம் இருந்தது.

வந்தவர்கள் இரண்டு கதையையும் கேட்டுவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டார்கள். என்னோடு கொழுந்து எடுத்தவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலைக்கு மாறி, தூளிலிருந்து காம்பு பொறுக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் வளையல் போட மட்டும் கூப்பிட மாட்டார்கள். நானும் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சொரணை இல்லாமல் இல்லை. போகாவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

அவன் மறு வருடமே கல்யாணம் செய்துகொண்டான். தோடு அந்தப் பெண்ணின் காதில் ஏறியது. அவளுக்கு ராசி பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், அப்பாவுக்கு மருந்து வாங்க ஒருநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது அவன் மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று ஆரம்பித்தாள். தோட்டின் திருகு தேய்ந்து கழன்று விழுந்ததாம். மாமியாருக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று தாப்பாவில் ஒரு பத்தரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, பேனா மாதிரி ஒரு சாமானால் கல்லைத் தொட்டுப் பார்த்தாராம்.

"அது வைரமே இல்லக்கா" என்றாள். "எல்லாம் அமெரிக்கன் டைமண்ட். வீட்டுல போயி கேட்டேன். லோரி வாங்கறப்பவே மாமனாரு கல்ல பேத்து வித்துட்டாராம். அதுல இத வச்சு கட்டியிருக்காங்க. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா கிழவி. உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல."

அமெரிக்கன் டைமண்ட் என்றால் செய்த கல். நாங்கள் நாள் குறித்த காலத்தில் அது புதுசு, எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு உடனே ஒவ்வொன்றாக விளங்கியது. பத்தரிடம் காட்டாதே என்று ஏன் சொன்னார், எலும்பு முறிந்த மறுநாளே ஏன் ஓடிவந்தார் என்பதெல்லாம் தெரிந்தது. தோடு இன்னும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தால், தோஷம் கழிக்கிறேன் என்று அம்மா அதை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டியிருப்பார். தன் காதுக் கல்லைக் காப்பாற்ற அந்தப் பொம்பளை என்னைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அவரை அவர் என்று சொல்வதை அந்த நிமிடத்தோடு விட்டுவிட்டேன்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக வந்தது. என் மேல் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதே. வைரமே இல்லாத ஒன்று எதைக் காட்டிக் கொடுக்கும்? பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா லயம் முழுக்கச் சொல்லுவார், ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்கிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்களிடமும் சொல்லுவார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், பூந்தோட்டத்தில் வேலை, அவருடைய அக்காதான் முன்னின்று பேசுகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். இந்த ஒரு முறையாவது தலையை நிமிர்த்தி உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை, நிஜமா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு திரிங்காப்பம்மாவை வாயில் வந்தபடி திட்டினார். நான் எதிர்பார்த்தது அதுதான். பாதித் திட்டில் நிறுத்திவிட்டார்.

"அப்ப அதுல தோஷம் கிடையாதா?" என்றார்.

"கண்ணாடி மாதிரி செஞ்ச கல்லும்மா. அதுக்கு ஏது தோஷம்?" என்று நான் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த மீனை மறுபடியும் தண்ணீரில் போட்டார். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் ஊர்வாயை அடக்கக் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். நான் போய் அந்தக் கல்லைப் பிடுங்கிவிட்டேன். அப்பா விழுந்ததற்குக் காரணம் கல் இல்லை என்றால், அன்றைக்கு வீட்டில் புதிதாக வேறு எதுவும் நடக்கவில்லை, தலையணையும் நானும்தான் மிச்சம். அவர் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பெற்றவளின் முகம் எனக்குத் தெரியாதா?

"இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, பாப்பா" என்றார் கடைசியில். "யாரு கேட்டாலும் அது வைரந்தான்."

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. திரிங்காப்பம்மா சொன்னது எனக்கு வலித்ததில்லை என்று சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் அவள் யாரோ. அம்மாவிடம் மறுபடியும் பழையபடி பேச எனக்கு ரொம்ப காலம் ஆயிற்று, முழுதாக ஆகவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அதைப் பேசி ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்காரர்கள் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்தேன். அந்த அக்கா சுற்றி வளைக்கவில்லை. நாங்களும் கேள்விப்பட்டோம் என்றார். கல் சரியில்லை என்றால் எங்களுக்கு ஒன்றும் இல்லை, கல்லுக்குப் பெண் என்ன செய்வாள், ஆனால் அது வைரமே இல்லை என்று இப்போது ஒரு பேச்சு லேசாக அடிபடுகிறதே, அது நிஜமா என்று கேட்டார். என் தம்பி ஏற்கனவே ஒருத்தியைப் பறிகொடுத்தவன், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

அம்மா உடனே ஆரம்பித்தார். அசல் வைரம், நான் கையில் வாங்கிப் பார்த்தேன், கரும்புள்ளி, சிவப்பு வால், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அந்த அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நீங்கள்தான் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தவர், நீங்களே சொல்லுங்கள் என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த ஆள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பா காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வைரந்தாங்க" என்றேன். "நான் கிட்டக்க வச்சு பாத்திருக்கேன். அந்த மாதிரி வைரம் இந்த மலையில யாருகிட்டயும் கிடையாது. புள்ளி மட்டும் இல்லன்னா ராணிகூடப் போடலாம்."

எல்லோருக்கும் திருப்தி. அந்த அக்கா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார், வெற்றிலைத் தட்டு கை மாறியது. என் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தோட்டுக்கு அப்படி ஒரு நற்சாட்சி திரிங்காப்பம்மா வீட்டு மருமகள்கூடச் சொல்லியிருக்க மாட்டாள்.